பதினாலாவது நிமிடத்து ஒட்டு

"பொக்கிஷம்" என்று மேலாளர் அன்று காலை ஒன்பதாவது தடவையாகச் சொன்னபோது கத்தரி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எண்ணி என்ன ஆகப்போகிறது. அந்த இசைத்தட்டு நிறுவனத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே பொக்கிஷம்தான். செத்துப்போன வித்வான் யாராவது இருமியது நாடாவில் பதிவாகியிருந்தால் போதும், மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "பொக்கிஷம்" என்பார். உயிரோடு இருக்கிறவர்கள் வாசித்ததற்கு வேறு வார்த்தை வைத்திருந்தார்: "முயற்சி." நல்ல முயற்சி, பாராட்ட வேண்டிய முயற்சி. முயற்சி பொக்கிஷமாக வேண்டுமானால் முயன்றவர் முதலில் போய்ச் சேர வேண்டும்.

கத்தரி என்பதும் பட்டப்பெயர்தான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒலிநாடாவை பிளேடால் வெட்டிக் கையால் ஒட்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். பிளேடு போய்க் கணினி வந்த பிறகும் பெயர் போகவில்லை. பழைய நாடாக்களின் கரகரப்பை எடுப்பது, அறுந்ததைச் சேர்ப்பது, விட்டுப்போனதை ஒட்டுவது, இதுதான் வேலை. அவள் ஒட்டிய இடத்தை அவளே தேடினாலும் கிடைக்காது என்று பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கூட்ட அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் விழுந்த வெளிச்சத்தில் "பெரியவர்: முழுத் தொகுப்பு" என்று எழுதியிருந்தது. பெரியவர் என்றால் வயலின் வித்வான். காலமாகி நாற்பது வருஷம். இந்த நாற்பது வருஷத்தில் நிறுவனம் அவருடைய அதே பதிவுகளை ஐந்து தடவை வெளியிட்டுவிட்டது. ஒரு தடவை நீல அட்டை, ஒரு தடவை பொன்னிற எழுத்து, கடைசித் தடவை பெரியவர் புகைப்படத்தில் இடப்பக்கம் பார்ப்பதற்குப் பதில் வலப்பக்கம் பார்த்தார். இது ஆறாவது.

"இந்தத் தடவை விஷயமே வேற," என்றார் பொக்கிஷம். "அந்தப் பைரவி ஆலாபனை. தட்டுல இடம் பத்தாம அந்தக் காலத்துல பாதியில வெட்டினது. இப்ப முழுசா கிடைச்சிருக்கு. உலகத்துல யாரும் கேட்டதில்ல. அதனால இந்த வருஷம் நம்ம மொத்த பலத்தையும் இதுல போடறோம். புதுசா வரவேண்டிய முயற்சிகளை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம்."

"எவ்வளவு தள்ளி?" என்று கேட்டாள் கத்தரி.

"தள்ளி," என்றார் அவர்.

புதிதாக வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான். கத்தரியின் கணவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், வாசித்த வயலின் தட்டு. பதினொரு நாள் பதிவு செய்து, எல்லாம் முடிந்து, அட்டைப்படம் வரைக்கும் தயாராக இருந்தது. நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. ஏழு வருஷமாக இந்த ஒரு தட்டுக்காகக் காத்திருந்தாள். எந்த அரங்கத்தில் வாய்ப்புக் கேட்டாலும் "என்ன பதிவு வந்திருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். பதிவு நிறுவனத்தில் கேட்டால் "எந்த அரங்கத்துல வாசிச்சிருக்கீங்க?" என்கிறார்கள். இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று நின்று அவளுக்கு முன்தலையில் நரை வந்துவிட்டது.

"அந்தப் பெண் நல்லாத்தான் வாசிக்கறாங்க," என்று பொக்கிஷம் பெருந்தன்மையோடு சொன்னார். "உங்க சொந்தம்கறதால சொல்லல. ஆனா வித்தியாசம்னு ஒண்ணு இருக்கில்ல. பெரியவரோட பைரவி மாதிரிப் பதிவை விமர்சகருக்கு அனுப்பியிருந்தேன். என்ன எழுதியிருக்கார் கேளுங்க."

விமர்சகர் என்றால் அந்த ஊர் சங்கீத உலகமே நடுங்கும். பொக்கிஷம் கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்.

"'பதினாலாவது நிமிடம். பெரியவர் மேல் ஸ்தாயிக்கு ஏறப்போகிறார் என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அவர் ஏறவில்லை. பாதிப் படியில் நின்று, யோசித்து, திரும்பி இறங்குகிறார். இந்த முப்பத்தெட்டு விநாடிக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம். இன்றைய தலைமுறையில் இப்படி வாசிப்பது இருக்கட்டும், இப்படி யோசிக்கக்கூட ஆள் இல்லை.'"

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "இப்ப இருக்கறவங்க யாராவது இதுல கால்வாசி வாசிச்சுக் காட்டட்டும். நாளைக்கே வெளியிடறேன்."

மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். கத்தரிக்குக் காதுமடல் சூடேறியது. அவளுக்கு அந்த முப்பத்தெட்டு விநாடியைத் தெரியும். அதை வாசித்தது பெரியவர் இல்லை.

நடந்தது இதுதான். பைரவி நாடா கிடங்கிலிருந்து வந்தபோது ஈரம் ஏறிப் பிசுபிசுவென்று இருந்தது. பழம் உலர்த்தும் பெட்டி ஒன்றை அவள் அதற்காகவே வைத்திருந்தாள். அதில் எட்டு மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து எடுத்தால் நாடா ஒரு தடவை ஓடுகிற அளவுக்குத் தேறும். அலுவலகத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்து "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்கள். தேறி ஓடிய நாடாவில் ஒரு இடம் மட்டும் தேறவில்லை. ஏழேகால் மீட்டர் நீளத்துக்கு மேல்பூச்சு முழுக்க அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிட்டது. மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக். அதன் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம், சங்கீதம் கேட்க முடியாது.

அவர்கள் தொழிலில் "ஒட்டு" என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரு சுரம் கெட்டுப்போயிருந்தால் அதே கச்சேரியில் வேறு இடத்தில் அதே சுரம் இருக்கும், அதை எடுத்து இங்கே வைப்பார்கள். அரை விநாடி, ஒரு விநாடி. அதற்குப் பெயர்தான் ஒட்டு. முப்பத்தெட்டு விநாடியை எந்தப் பைத்தியக்காரியும் ஒட்ட மாட்டாள். ஆனால் பொக்கிஷம் தினமும் வந்து நின்றார். அட்டையில் 'முழு ஆலாபனை' என்று அச்சடித்தாகிவிட்டதாம். ஓட்டை இருக்கக் கூடாதாம். நாலு நாள் முட்டி மோதிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் அடுத்த அறையில் தன் பதிவுக்காக வந்திருந்த நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஒரு சோதனைக்கு. அளவு பாக்கணும். இதுக்கு முன்னாடி இருக்கறதைக் கேளு, பின்னாடி இருக்கறதைக் கேளு, நடுவுல உனக்குத் தோணுறதை வாசி."

நாத்தனார் கேட்டாள். சுருதி சேர்த்தாள். ஒரே தடவை வாசித்தாள். வாசித்துவிட்டு, "டீ இருக்கா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

சோதனை என்று சொன்னது பாதிப் பொய். மீதிப் பாதியைக் கத்தரி அன்று மத்தியானம் செய்து முடித்தாள். பழைய இரைச்சல் ஒட்டிக்கொள்வதற்காக நாத்தனாரின் வாசிப்பை ஒரு பழைய நாடாவில் பதிந்து மறுபடி எடுத்தாள். பெரியவர் வாசித்த கூடத்தின் வெறுமையை அதற்குப் பூசினாள். தம்பூராவின் ரீங்காரம் அறுபடாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. கேட்டபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தன் கை வேலையைப் பார்த்துப் பூரித்து உட்கார்ந்திருந்தாள், அது யாருடைய கை என்பதை மறந்துவிட்டு. பணித்தாளில் "14:06 முதல் 14:44 வரை: ஒட்டு" என்று எழுதி அனுப்பினாள். பொக்கிஷம் கையெழுத்துப் போட்டார். ஒட்டு என்றால் பெரியவரையே வெட்டிப் பெரியவர்மேல் ஒட்டியதாக அவருக்கு நினைப்பு. அவள் பொய் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் சமையலறை மேசையில் உட்கார்ந்து வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கத்தரியின் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கத்தரி செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். தட்டு தள்ளிப்போனது, அன்றைக்கு வாசித்ததைப் பைரவியில் ஒட்டியது, அதைப் பற்றி விமர்சகர் எழுதியது, யோசிக்கக்கூட ஆள் இல்லையாம் என்பது.

நாத்தனார் குதித்துக் கும்மாளம் போடுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். நாத்தனார் குங்கிலியக் கட்டியை அதன் துணியில் மடித்து வைத்தாள்.

"சோதனைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அளவு பாக்கறதுக்குன்னு சொன்னீங்க."

"அப்புறம் அவ்வளவு சரியா உக்காந்துச்சு..."

"என்னை எடுத்து அவர் பேர்ல போட்டுட்டீங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் கத்தரிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பொக்கிஷத்தையாவது மன்னிக்கலாம் அண்ணி. அந்த ஆளுக்குக் காது கிடையாது, பேரைப் பாத்துத்தான் கேப்பான். உங்களுக்குக் காது இருக்கு. ஆறு வருஷமா பக்கத்து ரூம்ல நான் சாதகம் பண்றதைக் கேக்கறீங்க. நல்லா இருக்குன்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க. தெரிஞ்சுதானே என் பேரை எழுதாம விட்டீங்க."

கணவர் அதே தட்டை மூன்றாவது முறையாகக் கழுவினார். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அந்த வீட்டில் பாத்திரங்கள் பளபளக்கும்.

"நாளைக்கு அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்," என்றாள் கத்தரி. "அவரே எல்லார் முன்னாடியும் சொன்னார், கால்வாசி வாசிச்சா வெளியிடறேன்னு."

"சொல்லுங்க, சொல்லாம இருங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். என் முப்பத்தெட்டு விநாடியை எனக்குத் திருப்பிக் குடுங்க."

அவள் வில்லை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று அந்த அறையிலிருந்து வயலின் சத்தமே வரவில்லை. கத்தரிக்குக் கோபம் தலைக்கேறியது. முதலில் பொக்கிஷம்மேல், பிறகு விமர்சகர்மேல், பிறகு நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பாவப்பட்ட மனிதர்மேல்கூட. சுற்றிச் சுற்றிக் கடைசியில் அது தன்மேலேயே வந்து நின்றது. அங்கிருந்து அதற்குப் போக இடமில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொக்கிஷத்தின் அறைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட முகங்கள், எல்லாம் காலமானவர்கள். அவள் உட்காரவில்லை.

"சார், நேத்து வாசிச்சீங்களே, அந்தப் பதினாலாவது நிமிஷம். அது பெரியவர் இல்ல."

"பின்ன யாரு?"

"நீங்க தள்ளி வச்ச ஆளு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அவள் பணித்தாளைக் காட்டினாள். 'ஒட்டு' என்ற வார்த்தைக்குக் கீழே அவருடைய கையெழுத்து வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. பூச்சு உரிந்த நாடாவின் ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தாள். அதை அவர் மேசைமேல் இருந்த கடிதத்தின்மேல் வைத்தாள். கடிதத்தின் எழுத்து ஒன்றுவிடாமல் தெரிந்தது.

"நேத்து நீங்க நாளைக்கேன்னு சொன்னீங்க," என்றாள். "நீங்க சொன்ன அந்த 'நாளைக்கு' இன்னிக்குத்தான்."

அவர் கணினியில் அந்த இடத்தைத் தேடி ஓட விட்டார். வயலின் ஏறியது, பாதிப் படியில் நின்றது, திரும்பி இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நேற்று வரைக்கும் இந்த இடம் வந்தால் மூடிக்கொள்வார். இன்னொரு தடவை ஓட விட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"இப்ப கேட்டா," என்று மெதுவாக ஆரம்பித்தார், "கொஞ்சம் அவசரம் தெரியுது இல்ல? அந்த இறக்கத்துல. ஒரு நிதானம் இல்ல. ஒரு... முயற்சி தெரியுது."

கத்தரிக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் தலையில் மாட்ட வேண்டும் போலிருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் அந்த ஒலியில் ஒரு இழைகூட மாறவில்லை. வாசித்த கைக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதுதான் குற்றம். இந்த மனிதர் முப்பது வருஷமாகக் கேட்டதெல்லாம் சங்கீதமே இல்லை, அட்டையின் பின்பக்கம் அச்சடித்த இறந்த தேதியைத்தான் கேட்டிருக்கிறார்.

"சார், நேத்து இதுக்குத்தான் கண் கலங்கினீங்க."

"அது வேற." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் முகத்தில் வியாபாரி திரும்பி வந்தான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. உங்களையும் என்னையும் விட்டா யாருக்குத் தெரியும்?"

"வாசிச்சவளுக்குத் தெரியும்."

"அவங்ககிட்ட பேசுவோம். விமர்சகர் எழுதியாச்சு, அட்டை அடிச்சாச்சு, சாயங்காலம் நாலு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போகணும். இது இப்படியே போகட்டும். பதிலுக்கு அவங்க தட்டை அடுத்த வருஷம் கொண்டுவர்றேன். என் வாக்கு. யோசிச்சுப் பாருங்க, இதை வெளியில சொன்னா அவங்களுக்கு என்ன லாபம்? பெரியவரைக் காப்பியடிச்ச பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. அது நல்ல பேரா?"

அடுத்த வருஷம் என்ற வார்த்தை ஏழு வருஷமாக அந்த வீட்டுக்குத் தெரிந்த வார்த்தை. இருந்தாலும் கத்தரி ஒரு கணம் தடுமாறினாள் என்பதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஒரு பொய்யைப் பூசி மெழுகிவிட்டால் தட்டு வந்துவிடும். நாத்தனார் கேட்டது தட்டு என்றால் அங்கேயே தலையாட்டியிருப்பாள். ஆனால் அவள் கேட்டது முப்பத்தெட்டு விநாடி.

"யோசிச்சுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

யோசிக்கவெல்லாம் இல்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு இயந்திரத்தைத் திறந்தாள். ஒட்டை எடுப்பது ஒட்டுவதைவிடச் சுலபம், ஆனால் அவள் அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள். பெரியவர் வாசித்ததில் ஒரு மூச்சுகூடக் குறையாமலும் நாத்தனார் வாசித்ததில் ஒரு மூச்சுகூட மிஞ்சாமலும் பிரித்தாள். பெரியவர்மேல் இருந்த கோபம் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. அவர் பாவம், தன் ஆலாபனையை நன்றாகத்தான் வாசித்திருந்தார். ஈரக் கிடங்கில் நாற்பது வருஷம் போட்டு வைத்தவர்கள்தான் இன்று பொக்கிஷம் பொக்கிஷம் என்று மாரடிக்கிறார்கள். நடுவில் இருந்த இடத்தில் தம்பூராவும் இல்லை, நாடாவின் மெல்லிய இரைச்சல்கூட இல்லை. சுத்தமான ஓட்டை. புதிய பணித்தாள் எடுத்து அதே கட்டத்தில் எழுதினாள். "14:06 முதல் 14:44 வரை: நாடா அழிந்தது. ஒட்டு இல்லை."

மூன்றரை மணிக்கு அதை அவர் மேசைமேல் வைத்தாள். கூடவே இன்னொரு தாளும் இருந்தது. நாத்தனாரின் பதினொரு நாள் பதிவை நிறுவனம் வெளியிடப்போவதில்லை, ஆகையால் அதை அவளிடமே திருப்பித் தருகிறது என்று நாலு வரி.

பொக்கிஷம் முதல் தாளைப் படித்தார். முகம் சிவந்தது.

"முப்பத்தெட்டு விநாடி வெறுமையா போகுமா? முழு ஆலாபனைன்னு அச்சடிச்சிருக்கு. அந்த இடத்துல நான் என்ன போடறது?"

"பெரியவர்கிட்ட கேளுங்க சார். பொக்கிஷம் அவர்கிட்டதானே இருக்கு."

"உங்களுக்கு இங்க வேலை வேணுமா வேண்டாமா?"

"அதை நாளைக்குப் பேசலாம். இப்ப மணி மூணு முப்பத்தஞ்சு. நாலு மணிக்குத் தொழிற்சாலை வண்டி வருது. விமர்சகர் நம்பர் என்கிட்டயும் இருக்கு. யோசிக்கக்கூட ஆள் இல்லைன்னு எழுதினாரே, அந்த ஆளு எங்க வீட்டுப் பின் ரூம்லதான் இருக்காள்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். இரண்டாவது தாளைப் படிச்சுப் பாருங்க."

அவர் படித்தார். பேனாவைத் தேடினார். சட்டைப்பையிலேயே இருந்தது. கையெழுத்தின் வால் இந்தத் தடவை நீளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நாத்தனார் அதே மேசையில் உட்கார்ந்திருந்தாள். கத்தரி அவள் முன்னால் இரண்டு பொருள்களை வைத்தாள். ஒன்று பதினொரு நாள் பதிவு இருந்த பெட்டி, கையெழுத்துப் போட்ட தாளோடு. இன்னொன்று விரல் அளவு சேமிப்பான், அதில் முப்பத்தெட்டு விநாடி, வேறு ஒன்றுமில்லை.

"பைரவி ஓட்டையோடதான் வண்டி ஏறிச்சு. உன் தட்டை அவங்க வெளியிட மாட்டாங்க," என்றாள். "இனிமே யார் வெளியிடுவாங்கன்னும் தெரியாது. எனக்கு நாளைக்கு வேலை இருக்கான்னும் தெரியாது."

நாத்தனார் சேமிப்பானை மட்டும் எடுத்துக் கணினியில் செருகினாள். கேட்டாள். கத்தரி அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பெரியவரின் கூடத்து வெறுமை அதில் இல்லை, பழைய நாடாவின் இரைச்சல் இல்லை. வெறும் வயலின்.

"இறக்கத்துல இரண்டாவது சங்கதி சரியா விழல," என்றாள் நாத்தனார்.

"விமர்சகர் அதுக்குத்தான் தலைகீழா நின்னாரு."

"அவர் செத்தவங்களுக்காக நிப்பாரு. எனக்குச் சரியா விழல." அவள் எழுந்து போய் வயலின் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். கோபம் இன்னும் முகத்தில் அப்படியே இருந்தது. "பதிவு பண்ணுங்க. இன்னொரு தரம் வாசிக்கிறேன்."

கத்தரி பையிலிருந்து ஒலிவாங்கியை எடுத்தாள். நாத்தனார் சுருதி சேர்த்தபடியே அவளைப் பார்க்காமல் சொன்னாள்.

"முதல்ல எழுதுங்க அண்ணி. பேரை."

கத்தரி ஒரு சீட்டை எடுத்தாள். இருபத்தேழு வருஷமாக ஆயிரக்கணக்கான சீட்டுகளில் மற்றவர் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிய கை. இந்தத் தடவை சீட்டு முழுக்க அடைத்து, அடியில் மேசைமரத்தில் பதிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். நாத்தனார் எட்டிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று தெரிந்த பிறகுதான் வில்லை எடுத்தாள்.